அவர்கள் பள்ளியும் நம் பிள்ளைகளும்

தலைநகர் தில்லியின் சாணக்கியபுரி, அயல்நாட்டுத் தூதரகங்களால் நிறைந்த பகுதி. அங்கே, பிலிப்பைன்ஸ் நாட்டு விடுதலை வீரர் ஹோசே ரிசாலின் பெயரைத் தாங்கிய சாலையில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. தில்லிக்குப் பணி நிமித்தம் வந்து தங்கும் பிரிட்டிஷ் குடும்பங்களின் பிள்ளைகளை முன்னிட்டு 1963ஆம் ஆண்டில் ஏற்பட்ட பள்ளி அது. பிரிட்டிஷ் பள்ளி என்பதே அதன் பெயர். காலையில் பிள்ளைகள் வருகிறார்கள்; மாலையில் வீடு திரும்புகிறார்கள். நாளடைவில் பல நாட்டுப் பிள்ளைகளும் நம் நாட்டுப் பிள்ளைகளும் அங்கே சேர்ந்திருக்கிறார்கள். ஆயினும் பாடத்திட்டம் இங்கிலாந்தின் வழிப்பட்டது. பயிற்று மொழி ஆங்கிலம்.

தமிழ்ச் சங்க மலரில் இந்தப் பள்ளிக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். அந்தப் பள்ளியைக் குறை கூற நாம் புகவில்லை. குறை கூற நாம் எடுத்துக்கொண்டது நம்மையே. சொந்த ஊரை விட்டு வந்தவன் தன் பிள்ளைக்கு முதலில் செய்ய வேண்டியது என்ன என்னும் கேள்விக்கு ஆங்கிலேயர் ஒரு விடை கண்டிருக்கிறார்கள். அதே விடையை நம் முன்னோரும் கண்டிருந்தார்கள். நாமோ முன்னோர் கண்ட விடையை மறந்துவிட்டோம். மறந்ததோடு நில்லாமல், ஆங்கிலேயர் கண்ட விடையின் மேல்தோலை மட்டும் பெருவிலை கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். இதைச் சொல்வது சிலருக்குக் கசக்கும். ஆண்டு மலர் என்பது வாழ்த்துரைகளும் விளம்பரங்களும் மட்டும் தாங்கி வர வேண்டுமென்ற விதி இல்லையாதலால், கசப்பையும் சொல்லத் துணிகிறோம்.

ஒரு நூற்றாண்டுத் துயரம் கற்பித்தது

ஆங்கிலேயர் இந்நாட்டை ஆண்ட காலத்தில் அவர்களுக்கு இங்கே எல்லாம் இருந்தன. பங்களாக்கள் இருந்தன, பணியாட்கள் இருந்தார்கள், கோடைக்கு மலைவாசம் இருந்தது. ஆனால் பிள்ளைகளைத் தம்மோடு வைத்து வளர்க்கும் பேறு மட்டும் அவர்களுள் பலருக்கு இல்லை. வெப்பத்துக்கும் நோய்க்கும் அஞ்சினார்கள். அவற்றோடு வேறொன்றுக்கும் அஞ்சினார்கள். ஆயாவின் மடியில் வளரும் பிள்ளையின் நாவில் இந்நாட்டுப் பேச்சின் சாயல் படிந்துவிடுமே என்பது அந்த அச்சம். எனவே ஐந்து, ஆறு வயதிலேயே பிள்ளைகளைக் கப்பலேற்றித் தாயகம் அனுப்பினார்கள்.

ருட்யார்டு கிப்ளிங் 1865ல் பம்பாயில் பிறந்தவர். இளமையில் பணியாட்களின் மொழியே அவருக்குத் தாய்மொழிபோல் இருந்தது. 1871ல், ஆறு வயது நிரம்புமுன், அவரும் அவருடைய தங்கையும் இங்கிலாந்தின் சவுத்சீ என்னும் ஊரில் முன்பின் அறியாத ஒரு குடும்பத்தாரிடம் விடப்பட்டார்கள். பெற்றோர் பம்பாய்க்குத் திரும்பினர். அந்த ஆண்டுகளின் கொடுமையை அவர் கதையாகவும் எழுதினார். வாழ்நாளின் இறுதியில் எழுதிய தன்வரலாற்றிலும் அதை மறக்கவில்லை. பேரரசின் புகழ்பாடிய எழுத்தாளர் ஒருவரின் பிள்ளைப் பருவத்தை அந்தப் பேரரசே சிதைத்தது. பெயர் தெரியாத எத்தனையோ பிள்ளைகளுக்கும் இதுவே நேர்ந்தது. சாதாரணப் படைவீரர்களின் பிள்ளைகளுக்கோ இம்மலைகளிலேயே விடுதிப் பள்ளிகள் எழுந்தன. 1847ல் சனாவரிலும் 1858ல் உதகையை அடுத்த லவ்டேலிலும் தோன்றிய லாரன்ஸ் பள்ளிகள் அவ்வாறு எழுந்தவையே.

பிள்ளையை வைத்துக்கொண்டால் மொழியும் பண்பாடும் போய்விடும். மொழியைக் காக்க நினைத்தால் பிள்ளையைப் பிரிய வேண்டும். இந்த இருதலைக்கொள்ளிக்கு நெடுங்காலம் அவர்களுக்கு வழி தெரியவில்லை. இருபதாம் நூற்றாண்டில்தான் வழி பிறந்தது. சிங்கப்பூரில் ஆன் கிரிஃபித்-ஜோன்ஸ் என்னும் அம்மையார் 1925ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். 1934ல் மலேயாவின் கேமரன் மலையில் விடுதியோடு கூடிய மற்றொரு பள்ளியையும் ஏற்படுத்தினார். பிள்ளையைக் கப்பலேற்றும் நாளை இயன்ற அளவு தள்ளிப்போட அவை உதவின. சிங்கப்பூர்ப் பள்ளி தாங்லின் என்ற பெயரோடு இன்றும் நடைபெறுகிறது. அதற்கு ஓராண்டு முன்னர், 1924ல், ஜெனீவா நகரில் உலக நாடுகளின் சங்கத்திலும் தொழிலாளர் அமைப்பிலும் பணி செய்தவர்களின் பிள்ளைகளுக்காக ஒரு சர்வதேசப் பள்ளி தோன்றியிருந்தது. அந்த மரபிலிருந்து கிளைத்ததே 1968ல் அமைந்த இண்டர்நேஷனல் பாக்கலோரியட் தேர்வு முறை.

விமானப் பயணம் பெருகி, பணிக்காலம் இரண்டு மூன்று ஆண்டுகளாகக் குறுகியபின், இத்தகைய பகற்பள்ளிகள் உலக நகரங்களிலெல்லாம் எழுந்தன. அவற்றின் உட்பொருளை நாம் ஊன்றி நோக்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தால் இங்கிலாந்தில் தேசியப் பாடத்திட்டம் வந்தது. ஐந்து வயது முதல் பதினாறு வயது வரையிலான படிப்பு நான்கு கட்டங்களாக வகுக்கப்பட்டது. அதே 1988ல்தான் உள்நாட்டு மாணவர்க்கு ஜி.சி.எஸ்.இ. தேர்வும், வெளிநாட்டுப் பள்ளிகளுக்கென ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வும் வந்தன. இன்று தில்லியில் நான்காம் ஆண்டு பயிலும் ஓர் ஆங்கிலச் சிறுவன், தந்தைக்கு மாற்றல் வந்தால் லீட்ஸ் நகரில் ஐந்தாம் ஆண்டில் அமரலாம். அங்கிருந்து பிரஸ்ஸல்ஸுக்குப் போனால் ஆறாம் ஆண்டில் அமரலாம். கடல் கடந்த இப்பள்ளிகளின் தரத்தை ஆய்வு செய்ய பிரிட்டிஷ் அரசே 2010ல் ஒரு முறையை ஏற்படுத்தியது. ஆகவே அப்பள்ளியை ஒரு பாலம் என்பதே பொருந்தும். அதன் ஒரு முனை சாணக்கியபுரியில். மறு முனை அச்சிறுவனின் பாட்டி வீட்டு வாசலில்.

அது பகற்பள்ளியாக இருப்பதும் தற்செயல் அன்று. பகற்பள்ளியில் பாதிக் கல்வி வீட்டில் நடக்கிறது. பள்ளியில் கேட்ட மொழியையே பிள்ளை மாலையில் தாயிடம் பேசுகிறது. அதே மொழியில் தந்தை கதை படித்துக் காட்டுகிறார். பள்ளியும் வீடும் ஒரே குரலில் பேசுகின்றன. ஒரு நூற்றாண்டுத் துயரத்துக்குப் பின் ஆங்கிலேயர் கண்ட விடை இது: பிள்ளையும் வீட்டில் இருக்கட்டும், மொழியும் வீட்டில் இருக்கட்டும்.

யாரும் கேட்காத கேள்வி

இந்தியத் தலைநகரில் இருந்துகொண்டு ஆங்கிலேயர் தம் பாடத்திட்டத்தையே படிக்கிறார்களே, இது குறுகிய மனப்பான்மை அன்றோ என்று யாராவது கேட்டதுண்டா? கேட்டதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. ஜப்பானியரும் தாம் குடியேறிய நகரங்களில் தம் பிள்ளைகளுக்குத் தம் மொழிப் பள்ளி அமைக்கிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் 1826ல் தொடங்கிய பள்ளி இன்றும் பிரெஞ்சு மொழியில் நடைபெறுகிறது. இவற்றையெல்லாம் இயல்பென்றே உலகம் கொள்கிறது.

தமிழன் ஒருவன் தில்லியிலோ பம்பாயிலோ கல்கத்தாவிலோ தன் பிள்ளைக்குத் தமிழ் வேண்டும் என்று வாய் திறந்தால் மட்டும் கேள்விகள் எழுகின்றன. ‘இங்கே வந்தும் தமிழா? ஊரோடு ஒத்து வாழத் தெரியாதா?’ என்கிறார்கள். வியப்பு என்னவெனில், இந்தக் கேள்வியை வடநாட்டு அண்டை வீட்டார் கேட்பது அரிது. அவர்கள் தம் பஞ்சாபியையும் வங்காளியையும் விடாதவர்கள். நம் நிலை அவர்களுக்கு விளங்கும். கேட்பவர்கள் நம்மவர்களே. மூன்று ஆண்டு தங்கிப் போகும் ஆங்கிலேயனுக்கு உரியதென்று நாம் ஒப்புக்கொள்வதை, மூன்று தலைமுறையாக இங்கே வரி செலுத்தி வாழும் தமிழனுக்கு நாமே மறுக்கிறோம்.

சட்டம் மறுக்கவில்லை. நம் அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவு, சமயச் சிறுபான்மையினரைப் போலவே மொழிச் சிறுபான்மையினரும் தமக்குரிய கல்விக் கூடங்களை நிறுவி நடத்தும் உரிமையை உறுதி செய்கிறது. 1956ல் ஏழாம் திருத்தத்தால் சேர்ந்த 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வழிப் பயிற்சிக்கான வசதியைச் செய்து தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைப் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடுகள் பல உண்டு. ஆயினும் ஐந்தாம் வகுப்பு வரையேனும் இயன்ற இடங்களில் தாய்மொழியே பயிற்று மொழியாக இருக்க வேண்டும் என்று அதுவும் கூறுகிறது. சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உள்ளே நுழைய நாம்தான் வெட்கப்படுகிறோம்.

நம் முன்னோர் வெட்கப்படவில்லை. கோடையில் சிம்லாவுக்கும் குளிரில் தில்லிக்குமாக அரசு அலுவலகங்கள் இடம்பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. அக்காலத்தில், 1923ல், இங்கே வந்து சேர்ந்த தென்னாட்டவர் மதராஸி கல்விச் சங்கம் என ஒன்றை அமைத்தார்கள். அதுவே இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக ஏழு பள்ளிகளை நடத்துகிறது. ஜெனீவாவில் சர்வதேசப் பள்ளி தோன்றுவதற்கும் ஓராண்டு முன்னரே அவர்கள் இதைச் செய்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பம்பாயில் 1932ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றி மாதுங்காவில் வேரூன்றியது. அம்மாநகராட்சியே தமிழ்வழிப் பள்ளிகளை நடத்தி வந்திருக்கிறது. இவற்றை நிறுவ முனைந்தவர்களுக்குப் பின்னே ஒரு பேரரசு இல்லை. கட்டணம் செலுத்தத் தூதரகம் இல்லை. பிழைப்புத் தேடி ரயிலேறி வந்தவர்களுக்கு இருந்தது ஒரு தெளிவு மட்டுமே. ஊரை விட்டு வந்தது நாம். பிள்ளை தன் மொழியை விட்டுவர வேண்டியதில்லை என்னும் தெளிவு அது.

கரையில்லாத பாலம்

இன்று நடப்பது என்ன? ‘இண்டர்நேஷனல்’ என்ற சொல்லைப் பெயரில் தாங்கிய பள்ளிகள் நம் நகரங்களின் புறத்தே வரிசையாக எழுந்துள்ளன. 1991க்குப் பிறகு வந்த பொருளாதார மாற்றங்களோடு இவை பெருகின. ஐ.ஜி.சி.எஸ்.இ. உண்டு, பாக்கலோரியட் உண்டு, நீச்சல் குளம் உண்டு என்று விளம்பரங்கள் கூறுகின்றன. ஆண்டுக் கட்டணம் இலட்சங்களில். அந்த வாசல்களில் நம் தமிழ்க் குடும்பங்களும் காத்து நிற்கின்றன.

சுதந்திரம் பெற்றபின் நம் நாட்டில் கேம்பிரிட்ஜ் தேர்வை எழுதி வந்த பள்ளிகளுக்காக, அத்தேர்வுக்கு மாற்றாக நம் நாட்டுத் தேர்வொன்று வேண்டும் என்று கருதி 1958ல் இந்தியப் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வுக் கவுன்சிலை அமைத்தார்கள். அவ்வாறு விடைகொடுத்து அனுப்பிய கேம்பிரிட்ஜ் தேர்வை, அரை நூற்றாண்டுக்குள் நாமே வாசலில் கோலமிட்டு வரவேற்றிருக்கிறோம். அன்று அது ஆட்சியாளரோடு வந்தது. இன்று நம் பணப்பையைத் திறந்து அழைக்கிறோம்.

அதனால் ஆங்கிலேயப் பிள்ளைக்குக் கிடைப்பது நம் பிள்ளைக்கும் கிடைத்துவிடும் என்று எண்ணுவதில்தான் பெரும் பிழை இருக்கிறது. அந்தப் பாலம் ஆங்கிலேயச் சிறுவனை அவன் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறது. நம் பிள்ளை அதே பாலத்தில் நடந்தால் போய்ச் சேரும் கரையில் நமக்கு வீடில்லை. அங்கே அவனுக்காகக் காத்திருக்கும் பாட்டி இல்லை. புறப்பட்ட கரையிலோ, தஞ்சையிலோ நெல்லையிலோ காத்திருக்கும் பாட்டியோடு பேச அவனுக்கு மொழி இல்லை. ஆங்கிலேயன் தன் பிள்ளை அந்நியன் ஆகிவிடக் கூடாது என்பதற்காகக் கண்டுபிடித்த கருவியை, நாம் நம் பிள்ளையை அந்நியன் ஆக்குவதற்குப் பயன்படுத்துகிறோம். கத்தியின் கைப்பிடியை அவர்கள் பிடித்திருக்கிறார்கள். நாம் அலகைப் பிடித்துக்கொண்டு பளபளப்பை வியக்கிறோம்.

சொல்லப்படும் காரணங்கள்

நம் அன்பர்கள் கூறும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, அப்பள்ளிகளில் கற்பிக்கும் முறை நன்றாக இருக்கிறது என்பது. இதை நாம் மறுக்கவில்லை. நல்ல நூலகம், குறைந்த மாணவர் தொகை, மனப்பாடத்தைவிடச் சிந்தனைக்கு முதலிடம் ஆகியவை போற்றத்தக்கன. ஆனால் இவை எந்த மொழிக்கும் பகையல்ல. பாக்கலோரியட் முறையிலேயே, பள்ளியில் ஆசிரியர் இல்லாத மொழியானாலும் மாணவர் தம் தாய்மொழி இலக்கியத்தைப் பள்ளியின் துணையோடு தாமே பயில வழி வைத்திருக்கிறார்கள். அந்த வழியில் என் பிள்ளைக்குத் தமிழ் படிக்க இடம் உண்டா என்று கேட்ட தமிழ்ப் பெற்றோர் எத்தனை பேர்? நீச்சல் குளத்தின் ஆழத்தைக் கேட்டவர்கள் பலர். இதைக் கேட்டவர்களை நாம் கண்டதில்லை.

இரண்டாவது, தமிழ் சோறு போடாது என்பது. தமிழ் மட்டும் படி என்று நாம் கூறவில்லை. ஆங்கிலம் வேண்டும், வாழும் இடத்து மொழியும் வேண்டும். ஆனால் சோறு போடுவதை மட்டுமே கற்க வேண்டுமென்றால், பிள்ளைக்கு வயலினும் ஓவியமும் கிரிக்கெட்டும் எதற்கு? அவற்றுக்கெல்லாம் காசும் மாலைப் பொழுதும் கிடைக்கின்றன. தமிழ் என்றதும் கணக்குப் பார்க்கிறோம்.

மூன்றாவது, பிள்ளைக்குச் சுமை அதிகமாகும் என்பது. தாராவியில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், கடையில் மராத்தியும், பள்ளியில் ஆங்கிலமும் பேசுகிறது. அந்தப் பிள்ளை நலமாகவே இருக்கிறது. தாய்மொழியே கற்பித்தலுக்கு மிகச் சிறந்த கருவி என்று 1953லேயே யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கை கூறிற்று. வீட்டில் கேட்டுப் பழகிய மொழிக்கு எழுத்தைக் கற்பிப்பது சுமை ஆகாது. இருக்கும் செல்வத்துக்குச் சாவி கொடுப்பது அது.

நான்காவது, அடிக்கடி மாற்றல் வருகிறது என்பது. உண்மையாகவே நாடு விட்டு நாடு செல்லும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. எங்கு போனாலும் ஒரே பாடம் தொடர வேண்டும் என்று அவர்கள் சர்வதேசப் பள்ளியை நாடினால் அதில் குற்றம் காண்பது நேர்மை ஆகாது. அவர்களுக்காகவே அப்பள்ளிகள் ஏற்பட்டன. நாம் கேட்பது மற்றவர்களை. இருபது ஆண்டுகளாக ஒரே குடியிருப்பில் வாழ்ந்து, அடுத்த இருபது ஆண்டும் அங்கேயே வாழப் போகிறவர்களுக்கு, நாடோடித் தூதர்களின் பிள்ளைகளுக்கு வகுத்த கல்வி எதற்கு? ஊர் மாறாதவன் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு வாழ்வதுபோல் அன்றோ இது?

நம் கணக்கு

பிறரைக் கேட்டாயிற்று, சங்கங்களையும் கேட்க வேண்டும். நம் மேடைகளில் கணியன் பூங்குன்றனாரின் பெயர் ஒலிக்காத ஆண்டுவிழா இல்லை. திருக்குறள் ஒப்பித்தல் போட்டி இல்லாத பொங்கல் விழாவும் இல்லை. அந்தப் போட்டியில் குழந்தை கையில் மறைத்து வைத்திருக்கும் சீட்டை நாம் பார்த்திருக்கிறோம். குறள் அதில் ஆங்கில எழுத்தில் இருக்கும். சில சமயம் நாகரி எழுத்தில் இருக்கும். குழந்தை ஒப்பிக்கிறது, நாம் கைதட்டுகிறோம், பரிசும் தருகிறோம். பரிசாகத் தருவதோ தமிழ்ப் புத்தகம்! அதைப் பிரித்துப் படிக்க அந்தக் குழந்தைக்குத் தெரியாது என்பது தருபவருக்கும் தெரியும், பெறுபவருக்கும் தெரியும். இந்த நாடகத்தை எத்தனை ஆண்டு நடத்துவது?

தில்லித் தமிழ்ச் சங்கம் 1946ல் தோன்றியது. இந்த நகரத்தில் வாழ்ந்து எழுதிய தமிழ் எழுத்தாளர்களை எண்ணிப் பாருங்கள். தி. ஜானகிராமன் வானொலிப் பணியில் இங்கே இருந்தார். இந்திரா பார்த்தசாரதி தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். ஆதவன் இந்நகரின் பேருந்துகளையும் அலுவலகங்களையும் இளைஞர்களின் மனத் தவிப்பையும் தம் நாவல்களில் எழுதினார். மூவரும் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். தில்லித் தமிழரின் வாழ்வைப் பற்றி எழுதிய ஆதவனின் நூல்களை, தில்லியில் பிறந்த நம் பிள்ளைகளுள் பலரால் எழுத்துக்கூட்டியும் படிக்க முடியாது. தம்மைப் பற்றி எழுதப்பட்ட கதையைத் தாமே படிக்க இயலாத ஒரு தலைமுறையை நாம் வளர்த்திருக்கிறோம். பிரிட்டிஷ் பள்ளியில் பயிலும் ஓர் ஆங்கிலச் சிறுமிக்குத் தன் மொழியின் டிக்கன்ஸ் இவ்வாறு மூடிய நூலாகிவிட்டால், அப்பள்ளியின் பெற்றோர் கூட்டம் கைதட்டிக்கொண்டிராது.

இன்னும் ஒன்று. அது நம்மைச் சுட வேண்டியது. தென்தில்லியில் ஜங்புராவை அடுத்து, பாராபுல்லா வாய்க்கால் ஓரத்தில் மதராஸி கேம்ப் என்ற குடியிருப்பு பல பத்தாண்டுகளாக இருந்தது. வீட்டு வேலை செய்வோரும் கூலி வேலை செய்வோருமான தமிழ் மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். நீதிமன்ற ஆணைப்படி 2025ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் அது இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகளில் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதி உடையன என்று கொள்ளப்பட்டன. அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் நகரின் வடகோடியில் உள்ள நரேலா. அக்குடியிருப்பின் பிள்ளைகள் பலர் அருகிலிருந்த தமிழ்ப் பள்ளியில் படித்து வந்தவர்கள். தில்லியின் ஏழு தமிழ்ப் பள்ளிகளில் ஒன்றும் நரேலாவின் அருகில் இல்லை.

அயல்நாட்டு அதிகாரியின் பிள்ளைக்குத் தாய்மொழிக் கல்வி இன்றியமையாதது என்று ஒரு பள்ளியே எழுந்த நகரத்தில், தாய் பாத்திரம் தேய்த்துப் படிக்க வைத்த பிள்ளை தன் தமிழ்ப் பள்ளியை இழந்து நிற்கிறது. அந்தப் பிள்ளைகள்தாம் அப்பள்ளிகளின் தமிழ் வகுப்புகளுக்கு உயிர் கொடுத்தவர்கள். மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்கிய நம்முள் பலர் தம் பிள்ளைகளை முன்னரே வேறு வாசலுக்கு அனுப்பிவிட்டோம். தமிழைச் சுமந்தவர்கள் தலையில் கூடையும் சுமந்தவர்கள். நாம் சுமந்தவை பொன்னாடைகள்.

செய்ய வேண்டுவன

குறை கூறிவிட்டு ஒதுங்குவது அறமன்று. செய்யத்தக்கவற்றைச் சுருங்கச் சொல்கிறோம்.

தமிழ்ப் பள்ளியோ தமிழ்ப் பாடமோ கிடைக்கும் ஊரில் வாழ்வோர், பிள்ளைக்குத் தமிழைப் பத்தாம் வகுப்பு வரை பாடமாக எடுக்கச் செய்ய வேண்டும். மத்தியக் கல்வி வாரியத் தேர்வில் தமிழுக்கு இடம் உண்டு. எட்டாம் வகுப்போடு மதிப்பெண் கணக்குப் பார்த்துத் தமிழைக் கைவிடும் வழக்கமே அவ்வகுப்புகளை வற்றச் செய்கிறது.

தமிழ்ப் பாடம் இல்லாத பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவர்கள், அது சர்வதேசப் பள்ளியே ஆனாலும், வார இறுதியில் இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். இலண்டனில் ஈழத்தமிழர், உயிர் தப்பிச் சென்ற நிலையிலும், சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளிகள் நடத்துகிறார்கள். அவர்களைவிட நமக்குப் பொழுது குறைவு என்று சொல்லலாகாது. தமிழ்நாட்டரசு 2001ல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில், மழலைக் கல்வி முதல் பாடங்களைக் கணிப்பொறி வழியே தருகிறது. ஆசிரியர் கிடைக்காத ஊரிலும் இது கிடைக்கும்.

சங்கங்கள் தம் விழாச் செலவில் ஒரு பங்கைத் தமிழ் வகுப்புக்கென முதலில் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு பந்தல் போட வேண்டும். ஒப்பித்தல் போட்டியை நிறுத்திவிட்டு வாசித்தல் போட்டி வைக்க வேண்டும். முன்பின் பாராத ஒரு பக்கத்தைத் தமிழ் எழுத்தில் படித்துப் பொருள் சொல்லும் குழந்தைக்கே பரிசு என்று அறிவித்தால், அடுத்த ஆண்டே பல வீடுகளில் அரிச்சுவடி வாங்குவார்கள். நரேலாவுக்குப் போன பிள்ளைகளுக்கு ஒரு பேருந்தோ, அங்கேயே மாலை நேரத் தமிழ் வகுப்பு ஒன்றோ ஏற்படுத்துவது தலைநகரத் தமிழர்களின் சக்திக்கு அப்பாற்பட்டதன்று. நூறு ஆண்டுகளுக்கு முன் நம்மினும் எளியவர்கள் ஒரு கல்விக் கழகத்தையே உண்டாக்கினார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, வீடு. பகற்பள்ளியின் பாதி வீடு என்று கண்டோம். மாலையில் திரும்பும் பிள்ளையிடம் தாயும் தந்தையும் தமிழில் பேசட்டும். இரவில் பத்து நிமிடம் தமிழில் ஒரு கதை படித்துக் காட்டட்டும். இதற்குக் கட்டணம் இல்லை. நுழைவுத் தேர்வும் இல்லை.

சாணக்கியபுரிப் பள்ளியின் வாசலைக் கடந்து செல்லும் தமிழ்ப் பெற்றோர் இனி ஒரு நொடி நின்று பார்க்கட்டும். உள்ளே இடம் கிடைக்குமா என்ற ஏக்கத்தோடு பார்க்க வேண்டாம். கடல் கடந்து வந்தவர்கள் தம் பிள்ளைக்காக எதைக் கைவிட மறுத்தார்கள் என்பதைப் பார்க்கட்டும். அவர்கள் கைவிட மறுத்ததையே நாமும் கைவிட மறுத்தால், அவர்கள் பள்ளியிலிருந்து கற்க வேண்டிய பாடத்தைக் கட்டணமின்றிக் கற்றவர்கள் ஆவோம்.